அண்ணன் சொன்ன நம்பர்

14 மார்ச் 2024, வியாழன்.

நேற்றுத் தவறாக எழுதிவிட்டேன். அண்ணனின் நண்பர்கள் பாசத்தில் வந்ததாக எழுதினேன். அப்போது நான் மாலை வகுப்பில் இருந்தேன். அம்மா சொன்னதை நம்பிவிட்டேன். இன்று வகுப்பு இல்லாததால் நானே பார்த்தேன்.

காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, சிவநேசன் அண்ணன் சொன்னதையே திரும்பச் சொல்வார், திடீரென்று கத்துவார். "ஸ்குரூ லூஸ்" என்று அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியவன் வாசு. இன்று அவனே மற்ற நண்பர்களோடு வந்து அண்ணன் காலடியில் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தான். அடிபட்ட தலைக்கு லாட்டரி எண் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

"மச்சான், சனிக்கிழமை குலுக்கலுக்கு நாலு நம்பர் சொல்லு லா."

"ஏழு... ரெண்டு... சாப்டியாடா?"

"சாப்டேன் லா! மத்த ரெண்டு?"

அண்ணனுக்கு மறந்துவிட்டது.

"பரவால்ல மச்சான், நாளைக்கு வந்து கேட்டுக்கிறோம்."

அவர்கள் போன பிறகும் அண்ணன் வாசலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வருவானுங்கல்ல?" விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

நான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் நாளைய வேலை இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு எண்ணுக்கு மேல் சொல்லாமலிருக்க அண்ணனைப் பழக்க வேண்டும்.