அண்ணன் சீவிய இளநீர்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். "டீ குடிக்கிறவங்க, ஒண்ணுக்குப் போறவங்க சுருக்கா போயிட்டு வந்துருங்க, அப்பறம் உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு என்னைய வையாதீங்க" என்று கண்டக்டர் கத்தினார். சாந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே கட்டணக் கழிப்பறை வாசலில் நிற்கும் பெண்களைப் பார்த்தாள். வரிசை நீளம். ஒரு குண்டுப் பெண்மணி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, உள்ளே போனவள் என்ன குளித்துவிட்டா வருவாள் என்று சத்தம் போட்டாள். அவள் படுகிற அவஸ்தையைப் பார்க்கப் பார்க்க சாந்தாமணிக்கு வயிறு எரிந்தது. மகராசி, உனக்கு வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் எதிர்வீட்டுக்காரியின் ஆரத்தைப் பார்த்து எரிந்த வயிறு இது. இப்போது மதிலோரம் திரும்பி நிற்கிற குடிகாரனைப் பார்த்தாலும் எரிகிறது. மனுசப் பிறவியின் ஆசை எங்கே வந்து நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அவளுக்கு ஒண்ணுக்கு நின்றுபோய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது. சில நாள் காலையில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் வரும். அன்றைக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி வீட்டுக்காரர் மருதாசலத்திடம் சொல்லுவாள். அவரும் முகம் மலர்ந்து கேட்பார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இருவரும் எதற்கும் இப்படிச் சேர்ந்து சந்தோசப்பட்டதில்லை.

கோயமுத்தூர் காந்திபுரத்தில் அவள் போகிற டயாலிசிஸ் சென்டரில் பிந்து என்று ஒரு பாலக்காட்டு நர்ஸ் இருந்தாள். ஊசி குத்தும்போது வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பாள். "நம்ம உடம்புல உள்ள ரத்தம் முழுக்க ராவும் பகலும் கிட்னிக்குள்ள போயிட்டுப் போயிட்டு வருது சேச்சி. அங்க கண்ணுக்கே தெரியாத சல்லடை லட்சக்கணக்குல இருக்கு. எல்லாத்தையும் மொதல்ல வெளிய விட்டுரும். அப்பறம் உடம்புக்கு வேணும்னுள்ளதைத் திரும்ப எடுத்துக்கும். வேண்டாத உப்பும் அழுக்கும் மிச்சத் தண்ணியும் மூத்திரமாப் போயிரும்" என்றாள். வேண்டியது எது, வேண்டாதது எது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சாந்தாமணி கேட்டாள். பிந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாந்தாமணி சிரிப்புக்காகக் கேட்கவில்லை. நாற்பத்தாறு வயது வரைக்கும் தனக்குள்ளே இப்படி இரண்டு பேர் ஓய்வில்லாமல் பாடுபட்டுக்கொண்டிருந்தது தெரியாமல், ஒருநாள்கூட நல்ல வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு இருந்தது. பிரஷருக்கு மாத்திரை போடச் சொன்னபோது, தலைவலி இல்லாத நாளில் எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டவள் அவள்தான்.

இப்போது அந்த இரண்டு பேரின் வேலையை ஒரு மெஷின் வாரத்துக்கு மூன்று நாள் செய்கிறது. நடுவில் வருகிற நாட்களில் தின்றது, குடித்தது எல்லாம் உள்ளேயே கிடக்கும். தண்ணீர் அதிகமானால் முதலில் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு நெஞ்சுக்குள் ஏறி மூச்சு முட்டும். அதனால் பொழுது விடிந்ததும் மருதாசலம் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பார். மருந்து முழுங்குவதும் தொண்டை நனைப்பதும் அன்றைக்கு அதற்குள்தான். சித்திரை வெயிலில் அது மத்தியானத்துக்கே காணாமல் போய்விடும். பசியைக்கூட ஏமாற்றிவிடலாம். தாகம் ஏமாறாது. அவள் கனவில் வருவதெல்லாம் குழாயடி, வாய்க்கால், மோர்ப்பந்தல்.

மருதாசலத்திடம் சொல்லாமல்தான் இன்றைக்குக் கிளம்பி வந்திருந்தாள். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் நஞ்சுண்டன் தை மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து, "எங்கிட்ட ரெண்டு இருக்குதல்லோ. ஒண்ண எடுத்துக்க கண்ணு" என்று சொல்லியிருந்தார். என்னவோ வாழைத்தாரில் ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுகிற மாதிரி சொன்னார். மருதாசலத்துக்குச் சர்க்கரை. மகன் நிதீஷுக்கு ரத்த குரூப் சேரவில்லை. அண்ணனுக்கு எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொரு டெஸ்ட்டும் நன்றாக வர வர அவருடைய பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. மாசி போய்ப் பங்குனியில் போன் எடுப்பதும் நின்றது. அண்ணன் மனைவி கோகிலாதான் எடுப்பாள். "அவரு தோப்புல இருக்காருங்க அம்மணி" என்பாள். இதற்குள் கையில் ஊசி குத்துகிற நரம்பு ஒருமுறை அடைத்துக்கொண்டு, அது சரியாகும் வரைக்கும் நெஞ்சோரம் குழாய் போட வேண்டி வந்தது. இருதயமும் தளர்ந்து வருகிறது, கிட்னி மாற்றுவதானால் இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நாமளாப் போயிக் கேக்கக் கூடாது சாந்தா. கேட்டா இருக்கற ஒறவும் போயிரும்" என்று மருதாசலம் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் செத்த பிறகு உறவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உடுமலையில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாசலில் புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. அண்ணன் மகள் கனிஷ்காவுக்கு ஆவணியில் கல்யாணம். "வாங்க, வாங்கம்மணி. வெயில்ல இப்படித் தனியா வாரதுங்களா?" என்று கோகிலா ஓடி வந்து பையை வாங்கினாள். அடுத்த நிமிசம் பானைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். செம்பின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. சாந்தாமணியின் பாட்டில் பொள்ளாச்சியிலேயே காலியாகிவிட்டது. அந்தச் செம்பை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

கோகிலாவின் முகம் சுருங்கியது. கொங்கு நாட்டில் ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பங்காளிச் சண்டையில் வெட்டுக்குத்து வரைக்கும் போனவர்கள்கூட, சமாதானம் என்று வந்தால் முதலில் வாங்கிக் குடிப்பது தண்ணீரைத்தான்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுத் தண்ணி வேண்டாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங் நங்கையா. அளவாத்தான் குடிக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"ஒரு வாய்த் தண்ணிக்குக்கூடவா அளவு?" என்று கோகிலா மெதுவாகச் சொன்னாள். நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. செம்பைக் கீழே வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "உங்கண்ணன் ராத்திரியில தூங்கறதே இல்லீங்க. உங்களையே நெனச்சுக்கிட்டுப் பொரண்டு பொரண்டு படுத்திருக்காரு. மாப்பளை ஊட்டுல வேற எப்படியோ கேள்விப்பட்டு, ஏனுங்க, மாமாவுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆபரேசனாமான்னு கேட்டாங்க. கல்யாணம் நல்லபடியா முடியட்டும்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "இருங்க, அவரைக் கூப்புடறேன்" என்று தோப்புப் பக்கம் போனாள்.

சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்தால் மகளின் வளைகாப்பு வரும், அது முடிந்தால் பிரசவம் வரும். ஒரு குடும்பத்தில் நல்ல காரியத்துக்கா பஞ்சம்? கோகிலா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் புருசனுடைய வயிற்றைக் கிழிக்க எந்தப் பெண்டாட்டி சம்மதிப்பாள்? மருதாசலத்துடையதை யாராவது கேட்டிருந்தால் அவள் மட்டும் கொடுத்திருப்பாளா? கொடுத்திருக்க மாட்டாள்.

அண்ணனின் கல்யாணத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்துகொண்டவள் அவள்தான். கூடப் பிறந்தவளுக்குக் கடைசி வரைக்கும் துணையிருப்பேன் என்பதற்காகச் செய்கிற சீர் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சீர் செய்கிற நேரத்தில் கிட்னியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணன் தோப்பிலிருந்து வந்தார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "வா கண்ணு, எப்ப வந்தே? மாப்பளை வரலியா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் தென்னைக்கு வந்திருக்கும் வெள்ளை ஈயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஓலையெல்லாம் கரி பிடித்துக் கிடக்கிறது என்றார். அமராவதியில் தண்ணீர் எப்போது விடுவார்களோ தெரியவில்லை என்றார். பொள்ளாச்சி ரோடு அகலப்படுத்துவதைப் பற்றிச் சொன்னார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கேள்வி அவளுடைய நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. அண்ணா, தருவீங்களா, மாட்டீங்களா? இவ்வளவுதான். ஆனால் அதை எப்படிக் கேட்பது? விசேசத்துக்குப் போட்டுக்கொள்ள இரவல் கம்மலா கேட்கிறாள்?

அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இல்லை என்று வாயால் சொல்லத் தெரியாது. அதற்குப் பதில் சாப்பாடு போடுவார்கள். ஒருமுறைக்கு இருமுறை உட்கார வைத்து, இலை கொள்ளாமல் பரிமாறி, போகும்போது பை நிறையக் கட்டிக் கொடுப்பார்கள். உள்ளே கோகிலா கோழி அடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. கோழியா என்று சாந்தாமணி நினைத்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த ஊருக்கு வந்ததும் வீண், அந்த மெஷினோடுதான் மிச்ச வாழ்க்கை, அதுவும் இருதயம் விடுகிற வரைக்கும்தான்.

அண்ணன் எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு செவ்விளநீர்க் குலையும் கையில் அரிவாளும் இருந்தன. வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்து காயைச் சீவினார். அந்தக் கை முன்பெல்லாம் மூன்றே வெட்டில் கண்ணைத் திறந்துவிடும். இன்று வெட்டு தப்புத் தப்பாக விழுந்தது.

"தண்ணி வேண்டாம்னுட்டியாமா. உங்க நங்கையா சொல்லிட்டு அழுகறா" என்றார். "எங்கூட்டுத் தண்ணியக்கூடத் தொடாத அளவுக்கு எம்மேல கோவமா கண்ணு? சரி, தண்ணி வேண்டாம். இதக் குடி. நம்ம மரத்துக் காயி. கிட்னிய அலசி உட்டுரும்னு கோயமுத்தூர்ல இருந்து காரு போட்டு வந்து வாங்கிட்டுப் போறாங்க."

டாக்டர் கொடுத்த எச்சரிக்கைப் பட்டியலில் முதல் பேரே இளநீர்தான். அதில் இருக்கிற பொட்டாசியம் என்கிற உப்பு நல்ல கிட்னி இருப்பவர்களுக்கு மூத்திரத்தோடு போய்விடும். அவளுக்குப் போக வழியில்லை. ரத்தத்திலேயே நின்று, ஏறி, துடித்துக்கொண்டிருக்கிற இருதயத்தை அப்படியே நிறுத்திவிடும். அவளோடு மெஷினில் படுத்திருந்த தாராபுரத்துக்காரர் ஒருவர் இப்படித்தான் போனார் என்று பிந்து சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு எளநீ ஆகாதுங்ணா" என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். இளநீர் ஆகாது என்று ஒரு வார்த்தையை அந்த மனிதர் தன் பிறவியில் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சாகக் கிடந்தவன் வாய்க்கும் அவர் இதைத்தான் சீவிக் கொடுத்திருக்கிறார். காயை நீட்டிய கை அப்படியே நின்றது. உதடு கோணியது. அறுபது வயதை நெருங்குகிற ஆள், அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "எனக்குப் பயமா இருக்குது கண்ணு. தாரேன்னு சொல்லிப்போட்டேன், சொல்லிப்போட்டேன்னு உங்கிட்ட மொகத்தக் காட்ட முடியலே. படுத்தா, கத்தி வெக்கற மாதரியே இருக்குது."

சாந்தாமணி அந்தக் கையைப் பார்த்தாள். தர முடியாததை நினைத்து அழுகிறவரின் கையில், தர முடிந்த ஒன்று இருந்தது. அதையும் வேண்டாம் என்றால் இந்த மனிதர் எங்கே போவார்? அவருக்காக இரக்கப்பட்டாள் என்று மட்டும் சொன்னால் பொய். தொண்டை காய்ந்து கிடந்தது, ஓட்டையில் ததும்பிய நீர் கண்ணெதிரே இருந்தது, பிழைத்துக் கிடப்பதில் இருந்த பிடிப்பும் விட்டுப்போயிருந்தது. நாளைக் காலையில் மெஷின் இருக்கிறது, அது எடுத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

"யாரு கோவம்னு சொன்னது? குடுங்ணா" என்று வாங்கி அண்ணாந்து குடித்தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு வாய் நிறைய நீர். தாடையில் வழிந்தது, கழுத்தில் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. அப்படி ஒரு ருசியை அவள் மறந்தே போயிருந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் நிறுத்தவில்லை.

"கோவமில்லீல்ல கண்ணு?"

"இல்லீங்ணா."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்று பெரிதாக மூச்சு விட்டார். "அடியே, சாந்தா எளநீ குடிச்சுட்டா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கோகிலா மாவுக் கையோடு வாசற்படிக்கு வந்து, கண்ணீரும் சிரிப்புமாக நின்றாள். வீடே கலகலப்பானது போல இருந்தது.

"இன்னொண்ணு சீவட்டுமா?"

நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பியது போல அவளுக்கு இருந்தது. இவ்வளவு சீக்கிரம் அது வராது, பயம்தான் என்று தோன்றியது. அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் சின்னப் பையனுடையதைப் போல் தெளிந்திருந்தது.

"சீவுங்ணா" என்றாள்.

இப்போது அரிவாள் தப்பவில்லை. மட்டைத் துண்டுகள் பறந்து வாசலெங்கும் விழுந்தன. ஒன்று அவளுடைய வீங்கிய பாதத்தின் மேல் விழுந்து, ஈரத்தோடு அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் தட்டிவிடாமல் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.