சூட்டுப் பால்

கண்ணுங்களா, பசித்த குழந்தை வீட்டுக்குள் அழ, அதன் பாலை மரத்துக்கு ஊற்றவைத்தார்கள். கேளுங்கள். கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்திரண்டாம் வருஷம். தீபக் கூட்டம் திருவண்ணாமலைத் தெருவெல்லாம் இருமலை விட்டுவிட்டுப் போயிற்று. தேரடியில் பொரி விற்ற பலராமன்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவனிடமிருந்து மனைவி ரேணுகாம்பாளுக்கு. உடம்பு கொதித்தது, எலும்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலி. இடுப்பில் கைக்குழந்தை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்தார். "ஃப்ளூ ஜுரம்மா இது. ஊசி வேணாம். மாத்திரை போடு, கஞ்சி, வெந்நீர் நெறைய குடி, நல்லா படுத்துக்க. மூச்சு வாங்கினா உடனே வா. பால் குடுக்கலாம், கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்க."

மாமியார் மணியம்மாள் வீடு வரும்வரை பொருமினாள். "ஊசி போடாதவ ஒரு டாக்டரா? ஜுரக்காரி பாலு சூட்டுப் பாலு. புள்ளைக்கு ஆவாது."

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பாலைப் பீய்ச்சி முருங்கை வேரில் ஊற்றச் சொன்னாள். ஜுரத்துக்குச் சோறு ஆகாதென்று ரேணுகாம்பாளும் பட்டினி. குழந்தைக்குப் பாலாடைச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர். துப்பிவிட்டு அழுதது. மறுநாள் அழத் தெம்பில்லாமல் முனகியது.

முருங்கையடியில் கிண்ணத்தோடு நின்ற ரேணுகாம்பாள் சன்னல் வழியே பார்த்தாள். பலராமன் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தான். அதன் முகத்துக்கு நேராகவே தும்மினான்.

"நூறாயுசுடா" என்றாள் மணியம்மாள்.

கிண்ணம் சுவரில் மோதி உருண்டது.

"ஜுரத்த வாங்கியாந்தவரு தும்மினா நூறாயுசு! எம் பாலு மட்டும் வெஷமா அத்தே?"

"ஏய், யாருகிட்ட கத்துற?"

"உங்ககிட்டதான். காலைலருந்து புள்ள துணி நனையவே இல்ல, பாத்தீங்களா? அது காஞ்சு கெடக்குது!"

"அம்மா சொல்றதுல..." என்று இழுத்தான் பலராமன்.

"நீங்க தள்ளிப் போய்ப் படுங்க. துண்டால மூக்கக் கட்டுங்க மொதல்ல."

ரேணுகாம்பாள் உள்ளே வந்து கையைக் கழுவினாள். ஒரு துணியால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டினாள். குழந்தையைத் தா என்று கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். அதற்குச் சப்பத் தெம்பில்லை. உதட்டில் ஒரு சொட்டு விட்டாள். இன்னொன்று. பற்றிக்கொண்டது, கண்ணுங்களா. அப்போதுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

மணியம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நிக்காதீங்க அத்தே. உப்பு போட்டுக் கஞ்சி வைங்க. எனக்குப் பசிக்குது."

சர்க்கரைத் தண்ணீர்ப் பாலாடையைப் புருஷன் பக்கம் தள்ளினாள். "இந்தாங்க. நல்லதாச்சே, நீங்களே குடிங்க."

கஞ்சி கொதித்து இறங்கியபோது அவள் மடி வெதுவெதுவென்று நனைந்தது. குழந்தையின் ஈரத்துணியை உருவி மாமியார் கையில் கொடுத்தாள்.