பப்பாளிப் பூ விழும் வீடு

சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் ஜெயசீலி டீச்சர் வீட்டின் மேல் மட்டும் 2005 தொடங்கி நாள்தோறும் பப்பாளிப் பூ விழுகிறது. அந்த வீட்டில் பப்பாளி மரம் கிடையாது. பால்காரர் முதல் நாள் அண்ணாந்து பார்த்தார், தலையை உதறிக்கொண்டார், பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் மரம் இருந்தது. ஆண் மரம். நீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்; காய் என்று ஒன்று பிடிக்காது. ஜெயசீலிக்கும் அவள் கணவர் ஐசக்குக்கும் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசாவிட்டால் அந்தத் தெருவுக்குச் சோறு இறங்காது. "இன்னா டீச்சர், உங்க வூட்டு மரம் சும்மாவே பூத்துகினு கீதே!" என்பாள் பக்கத்து வீட்டுக் கிருபா. ஜெயசீலி சிரித்து வைப்பாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

அறுப்பின் பண்டிகை அன்று அவரவர் தோட்டத்தில் விளைந்ததைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். 2004-இல் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு, போதகர் எலியேசர் காய்க்காத மரத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். உருக்கமான பிரசங்கம்தான். மறுநாளே காலனி முழுக்க அரிவாள் எடுத்தார்கள், காய்க்காத பப்பாளி ஒன்றைக்கூட விடவில்லை. ஐசக்கும் எடுத்தார். ஜெயசீலியோ பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவள். ஆண் பூவின் மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தான் பெண் பூ காயாகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள். வெட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் காய்க்காத மரத்துக்கு அவள் வக்காலத்து வாங்கினால், யாருக்காகப் பேசுகிறாள் என்று தெரு நினைக்கும்? பாவி மகள், வாயை மூடிக்கொண்டாள். மரம் இரண்டே வெட்டில் சாய்ந்தது.

அடுத்த வருஷம் காலனியில் ஒரு பப்பாளிகூடக் காய்க்கவில்லை. பெண் மரங்கள் பூத்தன, காத்திருந்தன, உதிர்த்தன. உதிர்ந்தது எதுவும் மரத்தடியில் விழவில்லை. அத்தனையும் டீச்சர் வீட்டின் மேல் வந்து விழுந்தது. கிருபா பதறிக்கொண்டு வந்தபோதுதான், ஆண் மரம் இல்லாமல் பெண் மரம் காய்க்காது என்ற விஷயத்தை ஜெயசீலி சொன்னாள்.

"ஐயோ, அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே, கிருபா?"

கிருபா தன் தலையில் விழுந்த பூவை எடுத்துப் போட்டாள்.

ஐசக் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஓர் ஆண் மரமாவது தேறட்டும் என்று பப்பாளிக் கன்றுகள் வாங்கி சர்ச் காம்பவுண்டு ஓரம் நட்டார். பூக்கிறவரை பப்பாளியில் ஆண் எது பெண் எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பூத்தபோது எல்லாம் பெண். மறுபடி நட்டார், மறுபடி பெண். அவற்றின் பூவும் வீட்டுக்கே வந்தது. 2009-இல் நடுவதை விட்டார். குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்கு அலைவதையும் இருவரும் அந்த வருஷமே விட்டார்கள்.

அந்த வருஷப் பண்டிகைக்கு ஜெயசீலி ஒரு முறம் நிறைய அந்தப் பூவை எடுத்துப் போனாள். ஏலம் விடும் லாசரஸ் முறத்தைத் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. ஏலம் கேட்க ஐசக் தூக்கிய கையை அவள் பிடித்து இறக்கினாள். லாசரஸ் முறத்தை அவளிடமே கொடுத்துவிட்டு அடுத்து வாழைத்தாரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாசல் முழுக்கப் புதுப் பூ கிடந்தது. முதல் முறையாக ஒவ்வொன்றின் நடுவிலும் அரிசி அளவுக்கு ஒரு பிஞ்சு. ஜெயசீலி செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

"மிதிக்காம வாங்க" என்றாள் ஐசக்கிடம்.