முடியறத சொல்லு

கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தினேஸ்வரி அம்மாவின் கால்களுக்கு மஞ்சள் பூசினாள். சாவு வீட்டில் கடற்கரையும் விடுமுறையும் பற்றிய விளம்பரப் பாட்டு அழகில்லைதான். ஆனால் போனை வைத்துவிட்டால் விமான நிறுவனத்தின் வரிசையில் திரும்பவும் கடைசிக்குப் போகவேண்டும்.

அம்மா புஷ்பலதா நேற்று இரவு போய்விட்டாள். கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் வேலை செய்யும் தம்பி ரூபனுக்கு தினேஸ்வரிதான் காலை விமானத்தில் இடம் எடுத்தாள். விடிந்ததும் விமான நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது. பயணம் நாளைக்கு மாற்றப்பட்டுள்ளதாம், சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். நாளை சனிக்கிழமை.

"சனிப் பொணம் தனியா போகாது" என்று கூடத்தில் பெரியப்பா சீனி சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துறணும். ரூபன் வரலன்னா எம்மவன் சுகுமாரன் கொள்ளி வைக்கட்டும்."

பெற்ற மகன் உயிரோடிருக்க, கொள்ளியை இன்னொருவன் வைப்பதா? அப்பா சன்னாசி வாயைத் திறக்கவில்லை. லாரி ஓட்டிய காலத்தில் எந்த ஊர் போய்ச் சேர்ந்தாலும் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டவர் அவர். வீட்டில் எதற்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இப்போதும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றது. ஒரு மலாய்ப் பெண் தன்மையாகப் பேசினாள். இன்றைய விமானம் ரத்தாகிவிட்டது, அடுத்தது நிறைந்துவிட்டது, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாள். முடியாது என்பதையே நாலு விதமாகச் சொன்னாள். தினேஸ்வரிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

அம்மா கத்தமாட்டாள். ரூபனுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவின் பயணத்தையும் இப்படித்தான் மாற்றினார்கள். வந்த செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டு, பினாங்கு விமான நிலையம் வரை போய்விட்டாள். அங்கே எல்லோரும் கவுண்டர் பெண்ணைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்கள். ஈப்போ புந்தோங் சந்தையில் காலமெல்லாம் காய்கறி விற்ற அம்மா, தன் முறை வரும்வரை நின்று, சந்தை மலாயில் கேட்டாள்.

"முடியாதத சொல்லிட்டம்மா, சரி. முடியறத சொல்லு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அன்று அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. எங்கெங்கோ தேடி ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அம்மா பேரனைக் கையில் வாங்கிவிட்டாள்.

போன வாரம் மருத்துவமனையிலும் அதே கேள்விதான். இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை என்ற டாக்டரிடம், "சரி டாக்டர், முடியறது என்னா?" என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்றார் அவர். வந்தாள். சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். புளி கூடிப்போனதற்குச் சிரித்தாள். ரூபனிடம் அடுத்த வாரம் வந்தால் போதும் என்றதும் அவள்தான். அந்த ஒரு கணக்குத்தான் அவளுக்குத் தப்பியது. என்ன மனுஷி என்று தினேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்து வந்தது.

"முடியாதத சொல்லிட்டீங்க, சரி" என்றாள் கைப்பேசியில், அம்மாவின் மலாயிலேயே. "எங்கம்மா செத்துட்டாங்க. முடியறத சொல்லுங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. ஜொகூர் போய் அங்கிருந்து பினாங்கு, ஒரே ஓர் இடம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு யார் அழைத்து வருவது என்ற பேச்சு எழுமுன்னே, பெரியப்பா மகன் சுகுமாரன் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். "கொள்ளிய அவனே வைக்கட்டும்க்கா. எனக்கு கார் ஓட்டத்தான் வரும்லா" என்றான்.

ரூபன் நேரத்துக்கு இறங்கிவிட்டான். சாலைதான் வழிவிடவில்லை. பாரிட் புந்தார் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடப்பதாகவும், கார் நகரவே இல்லை என்றும் சுகுமாரன் போன் செய்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா எழுந்து துண்டை உதறினார்.

"இனிமே முடியாது. தூக்குங்கப்பா."

உறுமி மேளக்காரர்கள் எழுந்தார்கள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, முடியாதத சொல்லிட்டீங்க, சரி. முடியறத சொல்லுங்க."

அண்ணன் முன்னால் அப்பா பேசி தினேஸ்வரி கேட்டதே இல்லை. பெரியப்பா தம்பியைப் பார்த்தார். தாடையைத் தடவினார்.

"சுடுகாட்டு வாசல்ல பாடைய எறக்கி வைக்கிறது வழக்கந்தான்" என்றார் மெல்ல. "எவ்ளோ நேரம்னு எவனும் சொல்லி வைக்கல. வெள்ளிக்கிழமை வெளிச்சத்துல வீட்ட விட்டுக் கெளம்பிட்டா சனி புடிக்காது. அவன் நேரா அங்க வரட்டும். அதுவரைக்கும் நான் ஒக்காந்திருக்கேன், எவன் எடுக்கறான்னு பாப்போம்."

வெளிச்சம் இருக்கும்போதே அம்மா படி இறங்கினாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. தினேஸ்வரி கூடத்தைக் கழுவிவிட்டாள். அம்மா தலைவைத்துக் கிடந்த இடத்தில் விளக்கை ஏற்றி வைத்தாள். இருட்டிவிட்டது. கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது அடித்தது. அப்பா.

"புள்ள வந்துட்டான்மா. பத்திரமா வந்து சேந்துட்டான். அம்மாகிட்ட சொல்லிரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கவேண்டும். போனை வைக்கவில்லை. தூரத்தில் யாரோ ரூபனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சரிப்பா, சொல்றேன்" என்றாள் தினேஸ்வரி.

ஈரத் தரையில் நகர்ந்து போய் விளக்கின் அருகே உட்கார்ந்தாள். எண்ணெய் போதுமான அளவு இருந்தது. திரியை மட்டும் கொஞ்சம் தூண்டிவிட்டாள்.