நாற்பத்தோராவது தோள்

ஒரு மனிதனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லாமல் சொல்ல அந்தக் கடிதத்துக்குப் பதினோரு வரி தேவைப்பட்டிருந்தது. முதல் வரியில் 'அன்பார்ந்த பங்கேற்பாளரே' என்று கும்பிடு போட்டது. ஏழாவது வரியில் 'தங்களது தொடர்ச்சியான ஒத்துழையாமை' வந்தது. கடைசி வரி, அறிவியலுக்குத் தாங்கள் ஆற்றிய தொண்டுக்கு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியது. மேலே பெயர் கிடையாது. எண் 17 என்று மட்டும் இருந்தது.

பதினேழு என்பது நர்ஸின் கூடப்பிறந்த தம்பி.

அப்படிப் பத்தொன்பது கடிதங்களை வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வரும்படி ஆராய்ச்சி நிலையத்தில் அவளிடம் கட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதமாக அந்த வீடுகளுக்குப் போய் மருந்து ஒட்டுகளைக் கொடுத்து வந்தவளும் அவள்தான். ஆகவே கழுத்தைப் பிடித்துத் தள்ளும் வேலையும் அவள் கையாலேயே நடப்பது முறை என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

ஒட்டு என்பது தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு. தோள்பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் சில நூறு. வலிக்காமல், நாள் முழுக்க, தோலுக்குள் மருந்தைக் கசியவிடும். தம்பிக்கு நடுக்குவாதம், நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கை சொன்ன பேச்சு கேட்கும். மூன்றாவது மணி நேரத்தில் அவன் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒட்டு வந்த பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை கை அவனுடையதாகவே இருந்தது. அதில் பொய் கிடையாது. நல்ல கண்டுபிடிப்புதான். அவளுக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். மட்டமான சாமான் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் குப்பையில் போட்டிருக்கலாம்.

குறை ஒன்றே ஒன்று. வியர்த்தால் பசை விட்டுவிடும். அந்தப் பசையைச் சோதித்தது குளிரூட்டிய அறையில், நாற்காலியில் சாய்ந்திருந்த பதினாறு பேரின் தோளில். அவர்களுக்கு வியர்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

தம்பி வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். அவள் போனபோது அவன் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டு மேஜை, எட்டு இஸ்திரிப்பெட்டி, சுவரோரம் சீறும் நீராவிக் குழாய். உள்ளே காலெடுத்து வைத்ததுமே அவளுடைய மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"என்னக்கா, வெறுங்கையோட வந்திருக்க? ஒட்டு எங்க?"

"கடுதாசிதான் இருக்கு. படி."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படித்தான். "ஒத்துழையாமைன்னா?"

"நீ சொன்ன பேச்சு கேக்கலையாம்."

"நானா? ஒம்பது தடவை விழுந்துச்சு. ஒம்பது தடவையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டேன். இடுப்புத் துணியைக்கூட அவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்டதில்லக்கா."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"மிச்சம் இருக்கறதைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

அவன் தன் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து வைத்தான். ஆறு இருந்தன. "நல்லா எண்ணிக்கோ. ஒண்ணு குறைஞ்சா அதுக்கொரு கடுதாசி போடுவாங்க."

ஒன்றிரண்டை அவனிடமே விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சில்லு இருந்தது. உடம்புச் சூட்டில் இருக்கிறோமா இல்லையா என்று அது நிலையத்துக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கடிதம் கொடுத்த பன்னிரண்டாம் நாள், மாத்திரையின் மூன்றாவது மணி நேரத்தில், தம்பியின் வலது கை உதறியது. இஸ்திரிப்பெட்டி சரிந்தது. தேய்த்து வைத்த விரிப்பு கருகிவிடுமே என்று இடது கையால் ஏந்தினான். விரிப்பு தப்பித்தது. உள்ளங்கை வெந்துபோனது. சலவைக்கூடத்து மேஸ்திரி கெட்டவர் இல்லை. கட்டுப் போடத் தன் வண்டியிலேயே கூட்டிப்போனார். வழியில்தான் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் உன் மேஜையைக் காலியா வைக்கிறேன்பா. அதுக்குள்ள கையை ஒரு நிலைக்குக் கொண்டு வா. இந்தக் கையோட உன்னைச் சூட்டுகிட்ட நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல."

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலை நர்ஸ் நேரே புள்ளிவிவர அறைக்குப் போனாள். அங்கே இருந்தவருக்குத் தசமம் என்று பட்டப்பெயர். மணி என்ன என்று கேட்டால்கூடப் பத்து புள்ளி ஐந்து என்பார்.

அவள் தன் நோட்டை மேஜையில் போட்டாள். "எட்டு மாசம். நூத்தி நாப்பத்தாறு தடவை எழுதியிருக்கேன். வியர்வையில கழண்டுச்சு, திரும்ப ஒட்டியாச்சுன்னு. ஒண்ணையாவது ஏத்தினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"என்ன கட்டம்?"

திரையைத் திருப்பிக் காட்டினார். ஒட்டு ஏன் கழன்றது என்பதற்கு இயந்திரம் மூன்றே பதில்களை ஏற்றுக்கொள்ளும். மறந்துவிட்டார். மறுத்துவிட்டார். தெரியவில்லை. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் தானாகவே 'தெரியவில்லை' என்று போட்டுக்கொள்ளும். மூன்று முறைக்கு மேல் போனவர்களுக்கு, எட்டாம் மாதக் கணக்கு முடிக்கும்போது கடிதத்தையும் தானே அச்சடித்துவிடும்.

"இந்த மூணைத் தவிர உலகத்துல வேற காரணமே கிடையாதா?"

"கட்டம் போட்டது சார். பசை விடாதுன்னு அவருக்கு நம்பிக்கை. அப்புறம் விடாத பசைக்கு எதுக்கும்மா கட்டம்?"

சார் என்றால் நிலையத்தின் இயக்குநர். மைக்கு என்று சொன்னால்தான் எல்லோருக்கும் விளங்கும். எட்டுப் பேர் உட்காரும் அறையிலும் ஒலிவாங்கி வைக்காமல் அவர் வாய் திறந்ததில்லை.

"நீக்கினவங்க பட்டியலைக் காட்டுங்க."

காட்டினார். அவள் விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "இருபது இருக்கே. என்கிட்ட பத்தொன்பது கடுதாசிதானே குடுத்தீங்க?"

தசமம் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். "இதுக்கு முகவரி இல்லம்மா. அதான் அப்படியே கிடக்கு. எண் நாப்பத்தொண்ணு."

"நோயாளிங்களே நாப்பது பேருதானே?"

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைப் பாதியாகக் குறைத்தார். "ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி பத்திரிகைக்காரங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மக்களோட மக்களா நானும் இதை அணிவேன்னு சொல்லிட்டு சார் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினாரே. அது மருந்து இல்லாத வெறும் ஒட்டுதான். ஆனா எண் குடுக்காம சில்லு முழிக்காது. அதான் நாப்பத்தொண்ணு குடுத்தேன்."

அவள் உறையைப் பிரித்தாள். அன்பார்ந்த பங்கேற்பாளரே. தொடர்ச்சியான ஒத்துழையாமை. அடியில், வால் சுழித்த, சாருடைய பெரிய கையெழுத்து. இருபது கடிதங்களிலும் ஒரே மூச்சில், நிமிராமல் போட்ட கையெழுத்து.

"எத்தனை தடவை கழண்டிருக்கு?"

"பதினொண்ணு. எல்லாமே காலையில ஆறரை மணி வாக்குல."

"ஆறு புள்ளி அஞ்சுன்னு சொல்லுங்க," என்றாள் அவள். பதின்மூன்று நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வைக் குழு கூடியது. ஆராய்ச்சியைத் தொடரலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான். தலைவி ஓய்வுபெற்ற டாக்டரம்மா. காது கொஞ்சம் மந்தம் என்று பேர். தேவைப்பட்டதெல்லாம் நன்றாகவே கேட்கும். கோப்புகளை எடுத்துக் கொடுக்க நர்ஸ் சுவரோரம் நின்றாள். கடிதத்தைத் தலைவி கையில் எப்போது கொடுப்பது என்று மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தச் சிரமத்தை மைக்கு அவளுக்கு வைக்கவில்லை.

"கருவி தோற்கவில்லை," என்று அவர் ஒலிவாங்கியில் தொடங்கினார். "ஒத்துழைத்த இருபத்தொரு பேரிடமும் அபார வெற்றி. மீதிப் பேர் உடலுழைப்பாளிகள். பாவம், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒழுங்கு என்பது வளர்ப்பில் வருவது. அவர்களைக்கூட நாங்கள் அவமதிக்கவில்லை. எவ்வளவு கண்ணியமாக விடைகொடுத்தோம் என்பதை நீங்களே கேளுங்கள். அம்மா, அந்தக் கடிதத்தில் ஒரு மாதிரி எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கணீரென்று படித்தார். ஒத்துழையாமையில் குரலைத் தாழ்த்தினார். தொண்டுக்கு நன்றியில் குரல் தழுதழுத்தது. பதினோரு வரியையும் முடித்து, "இப்படிக்கு" என்று தன் பெயரையும் பட்டங்களையும் ஒன்று விடாமல் வாசித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார்.

தலைவி அதை இழுத்துப் பார்த்தார். "நாப்பத்தொண்ணா? மொத்தமே நாப்பது பேருன்னுதானே போட்டிருக்கு. இது யாரு?"

தசமம் தன் பேனா மூடியை ஆராயத் தொடங்கினார்.

"அது சாரோட தோளுங்கம்மா," என்றாள் நர்ஸ்.

மைக்கு தாளைத் திரும்ப எடுத்தார். வைத்தார். "இது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு." ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்ததால் அறையின் நாலு மூலையிலும் கோளாறு கேட்டது.

"கோளாறு இல்ல சார். பதினொரு தடவை கழண்டிருக்கு. எல்லாம் காலையில ஆறரைக்கு."

"அப்ப நான் ஓடுவேன். வியர்க்கும். அதுவா விழுந்தா நான் என்ன பண்றது?"

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார், குறிச்சுக்கறேன். மறந்தீங்களா, மறுத்தீங்களா, தெரியலையா?"

"மறக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. பசை தாங்கலைன்னு சொல்றேன். தமிழ்லதானே சொல்றேன்?"

"அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

யாரோ இருமினார்கள். அவள் நோட்டை அவர் முன்னால் வைத்தாள். குரல் உயரவில்லை, கைதான் நடுங்கியது. இது கோபத்தில் வரும் நடுக்கம், சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போகாத நடுக்கம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

"எட்டு மாசமா நானும் தமிழ்லதான் சார் எழுதிட்டிருக்கேன். நீங்க ஆசைக்கு ஓடறீங்க, ஒட்டு விழுது. பதினேழாம் நம்பர் வயித்துக்காக நீராவியில நிக்கறான், அவனுக்கும் விழுது. உங்களுக்கு விழுந்தா வியர்வை, அவனுக்கு விழுந்தா வளர்ப்பு. அந்த வளர்ப்புல நானும் வளர்ந்தவதான் சார், அவன் என் கூடப்பிறந்தவன். மூணு நாளைக்கு முன்னாடி அவன் உள்ளங்கை இஸ்திரிப்பெட்டியில வெந்துபோச்சு. அதுக்கு எந்தக் கட்டம்னு சொல்லுங்க."

மைக்கு குழுவைப் பார்த்தார். குழு தண்ணீர் குடித்தது.

"சார், இப்ப சொன்னதை எழுதிக் குடுத்துடுங்க," என்றார் தலைவி.

"எதை மேடம்?"

"பசை தாங்கலை, போட்டுக்கிட்டவர் மேல தப்பு இல்லைன்னு. இல்லைன்னா இந்தக் கடிதப்படி உங்களையும் நீக்கினதாத்தான் நான் பதிவு பண்ணணும்."

அவர் எழுதினார். முதல் முறையாக, வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் அதைப் பத்தொன்பது பிரதி எடுத்து, பத்தொன்பது பேரின் கோப்பிலும் கோத்தாள். அன்று மாலையே ஆறு ஒட்டுகளும் டப்பாவோடு சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போயின.

இத்தோடு விட்டால் மைக்குக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. அடுத்த வாரப் பத்திரிகையில் அவர் படம் வந்தது: 'தன் உடலையே சோதனைக்கூடமாக்கிய விஞ்ஞானி'. பசையின் குறையைக் கண்டுபிடிக்கவே, ஒன்றரை மாதம் விடியலில் வியர்க்க வியர்க்க ஓடினாராம். வியர்வை தாங்கும் புதுப் பசை அவர் பெயரிலேயே காப்புரிமைக்குப் போய்விட்டது. குழு வற்புறுத்தியதால் இயந்திரத்தில் நான்காவதாக ஒரு கட்டமும் முளைத்தது. 'பசை' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'சிறப்புச் சூழ்நிலை, இயக்குநரின் தனிப்பட்ட ஒப்புதலுடன்' என்று போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்டு அவருடைய போனுக்கே மணியோடு செய்தி போகும். அதிகாரம் கைவிட்டுப் போய்விடக் கூடாது அல்லவா.

சில மாதம் கழித்து, புதுப் பசையின் அறிமுக விழா நடந்த மத்தியானம் நர்ஸ் சலவைக்கூடத்தில் இருந்தாள். தம்பி தன் மேஜையில் நின்றான். வலது கை ஒரே சீராகப் போய் வந்தது. இடது உள்ளங்கை ஆறிவிட்டது. ஆனால் தோல் சுருங்கி, கடைசி இரண்டு விரலும் மடங்கினபடியே நின்றுவிட்டன. விரிப்பின் ஓரத்தை முழங்கையால் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தான். ஒட்டு பிடுங்கப்பட்டிருந்த நாட்கள் வைத்துவிட்டுப் போன மிச்சம் அது. அதற்கு யாரும் பிரதி எடுத்துத் தரவில்லை.

மேஸ்திரியின் போனில் விழா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. மைக்கு பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உன்னைப் பத்தி ஏதாவது சொல்றாரா பாரு."

"சொல்லுவாரு, இரு." அவள் மடித்த விரிப்புகளின் மேல் உட்கார்ந்து, கட்டங்களை அழுத்த நிலையம் புதிதாகக் கொடுத்த கருவியை மடியில் வைத்து, பழைய நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். தேதி. எண். காரணம். நான்காவது கட்டத்தை அழுத்தினாள்.

மேடையில் டிங் என்று ஒரு சத்தம். ஒலிவாங்கி அதை வாங்கி அரங்கம் முழுக்கக் கொடுத்தது. மைக்கு சட்டைப்பையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். டிங்.

தம்பி பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "இன்னும் எத்தனை இருக்கு?"

"நூத்தி நாப்பத்து நாலு," என்றாள். "நீ வேலையைப் பாரு."