பாலேட்டே வளைவில் இரண்டு ஹார்ன்

மலையேறுகிற மோட்டார் சைக்கிள் எதுவானாலும், ஆலமரம்போல விழுது விட்ட பாலேட்டே மரத்து வளைவில் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகும். மரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாதவர்கள்தான், ஆனால் கோபம் வந்தால் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று மலை முழுக்கப் பேச்சு. எஞ்சின் அலறும், வண்டி நகராது. போன மழைக்காலத்தில் சவாரிக்காரன் ஓன்யோ அப்படித்தான் பள்ளத்துக்குள் போனான். ஹார்ன் அடிக்க மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அடித்தானா இல்லையா என்று அவனிடமா போய்க் கேட்க முடியும்?

அந்த வளைவுக்கு நேர் கீழே வெனிங்கின் பட்டறை; பாதை சுற்றிச் சுற்றிப் போவதால் வண்டி அங்கே ஏற வெகுநேரம் ஆகும். பஞ்சர், செயின், கிளட்ச் எல்லாம் அவள் கைதான். குனிந்து வேலை செய்துகொண்டே மேலே அடிக்கிற ஹார்ன்களைக் கேட்பாள். அவள் புருஷன் கார்போவின் ஹார்னுக்குச் சளி பிடித்த குரல். அவன் சவாரி ஏற்றிக்கொண்டு மேலே போனால், அந்தச் சளிக்குரல் இரண்டு முறை கேட்கிறவரை அவளுக்கு ஸ்பேனர் ஒழுங்காகப் பிடிபடாது.

அன்று மேலே சிற்றாலயத்தில் திருவிழா. மகள் ஜெரலினுக்கு ஊர்வலத்தில் சம்மனசு வேஷம், வானதூதர். வெள்ளைக் கவுன் போட்டு, கோழியிறகு ஒட்டிய இரண்டு சிறகுகளைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். கார்போவின் வண்டிதான் மக்கர் செய்தது. முந்தின நாள் வெனிங் புது கிளட்ச் பிளேட் போட்டுக் கொடுத்திருந்தாள். இப்போது லீவரை முழுக்க அமுக்கிப் பிடித்தும் வண்டி முன்னால் ஊர்ந்தது. நியூட்ரல் விழவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"என்னடி இது! பிடிச்சா நிக்க மாட்டேங்குது, கயிறு அறுத்த கன்னுக்குட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு. இதுக்கா ராத்திரி பூரா தட்டிக்கிட்டு இருந்தே?"

"யோவ், கத்தாதே. புது பிளேட்டு, கேபிள் லூசா கெடக்கு. அவ்ளோதான். எறங்கு."

லீவரின் அடியில் இருக்கிற அட்ஜஸ்டரை அவள் திருகிக்கொண்டே போனாள். கேபிளின் தொளதொளப்பு குறைந்து, கடைசியில் லீவரில் ஒரு நெல்மணி அளவு ஆட்டம்தான் மிச்சம் இருந்தது. கார்போ ஏறி, கடைத்தெருவில் நேராகப் போய், வலது பக்கம் வளைத்துத் திரும்பி வந்தான். நியூட்ரல் அழகாக விழுந்தது.

"வெண்ணெய்டி! இப்படியே இருக்கட்டும். நீ கண்டபடி லூசு பண்ணிடாதே."

இப்படியே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். வெனிங் குறடை எடுத்து, இனி எவன் விரலாலும் அசைக்க முடியாதபடி, அட்ஜஸ்டரைப் பிடித்து நிறுத்துகிற லாக் நட்டை இறுக்கினாள்.

பின்னால் மக்காச்சோளக்காரர் தக்லோய், அவர் மனைவி, பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி. முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் ஜெரலின். அந்த மலையில் ஐந்து பேர் என்பது கூட்டமே இல்லை. டேங்க் மேல் ஒரு பிள்ளை உட்கார இடம் வேண்டுமே என்று எல்லாரும் ஹேண்டில்பாரை உயரமாக மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக் கொடுப்பவள் வெனிங். பார் உயரும், கிளட்ச் கேபிள் மட்டும் பழைய நீளமே. கடையில் கிடைக்கிற கேபிள் அதுதான். எட்டுகிறதே, போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெனிங் மகளின் கன்னத்தைத் தொடப் போனாள்.

"மாமாங், தொடாதே! கையெல்லாம் ஆயில்!"

"சரிடி மகாராணி. பாபாங் கைக்குள்ள ஒழுங்கா உக்காரு," என்று அப்பனைக் காட்டினாள்.

வண்டி கிளம்பியது. வெனிங்குக்கு ஏனோ மனசு சரியில்லை. வானம் கறுத்திருந்தது, காற்று துளிகூட இல்லை. மரத்துக்காரர்கள் குடிப்பதாகச் சொல்கிற சுருட்டு மணம் எங்கிருந்தோ வந்தது. சுருட்டு குடிக்கிற யாரும் பக்கத்தில் இல்லை. சீ, பட்டறையில் உட்கார்ந்து பேய்க்கதை நினைக்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் நோங் பெர்தோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மலைச் சவாரிக்காரர்களில் மூத்தவர், எல்லாருக்கும் 'நோங்', அதாவது அண்ணன்.

"ஏன் நோங், திருவிழாவும் அதுவுமா தள்ளிக்கிட்டு வர்றீங்க? சவாரி கொட்டுமே!"

"வண்டி கனக்குது வெனிங். நேத்து மரத்துகிட்ட யாரோ ஏறி உக்காந்துட்டாங்க. எஞ்சின் கத்துது, வண்டி ஏறல. எல்லாரும் குதிச்சு எறங்கினதால பொழச்சோம். வீட்ல கோழி அறுத்து ரத்தம் பூசுன்னு சொல்றா."

"கோழிய எனக்குக் குடுங்க, பப்பாளிக்காய் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறேன். வண்டிய விடுங்க, பாப்போம்."

தெருவில் நேராக ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. ஏறியிருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்போல என்று கேலி பேசிக்கொண்டே, குறுகலான பட்டறைக்குள் நுழைக்க ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்க ஒடித்தாள்.

வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை.

லீவரின்மேல் அவள் விரலே இல்லை. பாரை நேராக்கினாள், வண்டி படக்கென்று பாய்ந்து மேசையில் முட்டியது. மறுபடி இடது பக்கம் ஒடித்தாள். மறுபடி அலறல். குனிந்து பார்த்தபோது வண்டியின் கழுத்தைச் சுற்றி வருகிற கேபிள் துணிக்கொடிபோல விறைத்து நின்றது. உயர்ந்த பார் திரும்பும்போது அந்தக் குட்டைக் கேபிள் எட்டாமல் இழுபடுகிறது. யாரோ லீவரைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, தானாகவே கிளட்ச் விடுபட்டு, எஞ்சினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. பெர்தோவின் கேபிளிலாவது ஆட்டம் கொஞ்சம் இருந்தது. கார்போவின் கேபிளில் மிச்சமிருந்த ஆட்டத்தையும் அவளே காலையில் உறிஞ்சி எடுத்திருந்தாள்.

மலையில் பாரை இடது பக்கம் முழுக்க ஒடிக்க வேண்டிய ஒரே வளைவு பாலேட்டே வளைவு. வலது பக்கம் பள்ளம்.

ஐயோ! காது மேலே போனது. சளிக்குரல் இன்னும் கேட்கவில்லை.

பெர்தோ வண்டியின் அட்ஜஸ்டரை விரலாலேயே கடகடவென்று தளர்த்திவிட்டு வண்டியில் தாவினாள்.

"ஏ வெனிங்! எங்க போறே? ஹார்ன் அடிச்சுட்டுப் போ, மறந்துடாதே!" என்று பெர்தோ பின்னால் கத்தினார்.

பாதி மலையில் இருக்கும்போது கேட்டது. சளிக்குரல், ஒன்று. சளிக்குரல், இரண்டு. உடனே எஞ்சினின் அலறல்.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னால் இருந்த மூவரும் குதித்து இறங்கியிருந்தார்கள். தக்லோயின் மனைவி மண்டியிட்டு ஜெபம் சொன்னாள். கார்போ இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கை நெரித்துக்கொண்டு, அதே கையால் ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டிருந்தான். ஈரச் சருகில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கியது. அவன் கண் மரத்தின்மேல் இருந்தது.

"மன்னிச்சிடுங்க! ஹார்ன் அடிச்சேனே! புள்ளய விட்டுடுங்க, புள்ளய விட்டுடுங்க!"

ஜெரலின் பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அழக்கூட இல்லை.

பாய்ந்து பிள்ளையைத் தூக்கத்தான் வெனிங்குக்குக் கை துடித்தது. தூக்கினால் இடது பக்கம் ஒடிந்திருக்கிற பார் நேராகும். பார் நேரானால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். அலறுகிற எஞ்சின் நேராகப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். பெற்ற பிள்ளை கையெட்டும் தூரத்தில் இருக்க, தொடாமல் நிற்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

"யோவ்! பாரை அசைக்காதே! நான் எஞ்சின அணைக்கிறேன்!"

"அணைக்காதடி! அணைச்சா பின்னால போயிடும்!"

அணைத்தாள். அலறல் நின்றது. வண்டி ஒரு முழம் வழுக்கியது. இப்போது பாரை நேராக்கினால் பின்சக்கரம் நேராக விளிம்பைத் தாண்டிவிடும். லாக் நட்டில் விரலை வைத்துத் திருகினாள். அசையவில்லை. அவளே இறுக்கியது, எவன் விரலாலும் அசைக்க முடியாதபடி இறுக்கியது. குறடு பட்டறை மேசையில் கிடந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, நட்டு வரவில்லை.

"தக்லோய்! கத்தி!"

மக்காச்சோளக்காரர் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவிக் கொடுத்தார். லீவருக்குப் பக்கத்தில் உறையிலிருந்து வெளியே தெரிந்த கம்பியில் கத்தியைக் கொடுத்து அறுத்தாள். ஒரு இழை, இன்னொரு இழை. டப்பென்று தெறித்தது. உள்ளே கிளட்ச் கவ்வியது. கியரில் இருந்த பின்சக்கரம், நின்றுபோன எஞ்சினோடு பூட்டிக்கொண்டு, ஆப்பு வைத்ததுபோல நின்றது. வண்டியின் பின்பாதி பள்ளத்தின் விளிம்பில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் மகளைத் தூக்கினாள். நெஞ்சோடு அணைத்து, ஓவென்று அழுதாள். வெள்ளைக் கவுனின் முதுகில் இரண்டு கறுத்த கைத்தடம் பதிந்தது. ஜெரலின் அம்மாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கார்போ சிகரெட் பற்றவைத்து மரத்தடியில் வைக்கப் போனான். "உசுரத் திருப்பிக் குடுத்துட்டாங்கடி. ஓன்யோவுக்குத்தான் குடுக்கல."

"மரம் இல்லய்யா," என்றாள் வெனிங். அறுந்த கேபிளை அவன் முன்னால் நீட்டினாள். "இதுதான். பாரைத் திருப்பினா இது இழுக்குது, கிளட்ச் விட்டுடுது. ஓன்யோ வண்டிக்கும் பாரைத் தூக்கிக் குடுத்தது நான்தான்."

சிகரெட் கார்போவின் கையிலேயே புகைந்தது. ஓன்யோ ஹார்ன் அடித்திருப்பான் என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அடித்துவிட்டுத்தான் பாரை ஒடித்திருப்பான்.

கீழேயிருந்து எஞ்சின் சத்தம் ஏறி வந்தது. ஒன்றல்ல, திருவிழாக் கூட்டம். நாலைந்து வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பாட்டும் சிரிப்பும் கேட்டன. டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டது. அந்த வண்டிகளில் ஒன்றின் பாரைக்கூட வேறு யாரும் உயர்த்திக் கொடுக்கவில்லை; எல்லாம் அவள் கைதான்.

முதல் வண்டி வளைவுக்குக் கீழே வந்து மரியாதையாக ஹார்ன் அடித்தது. ஒன்று. இரண்டு.

வெனிங் மகளைக் கார்போவின் கையில் திணித்துவிட்டு, வெட்டுக்கத்தியோடு கீழ்நோக்கி ஓடினாள். "நில்லுங்கடா! திருப்பாதீங்க! பாரைத் திருப்பாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரலுக்குமேல் ஒரு எஞ்சின் அலறத் தொடங்கியது.