சீர்வரிசையில் வந்த தொலைநோக்கி

முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு வரப்பு எத்தனை அங்குலம் நகர்ந்திருக்கிறது என்று பார்வையிலேயே சொல்லிவிடுவேன் என்று தாலுகா ஆபீசில் எனக்கு ஒரு பேர் உண்டு. அதைக் கெடுத்துக்கொள்ள ஒரே ஒரு தொலைநோக்கி போதுமானதாக இருந்தது.

ஆசை ஒன்றும் பெரியதில்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலாவை, அந்த மங்கலான வாயு மேகத்தை, என் கையால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். நட்சத்திரத்தின் பின்னாலேயே திரும்பும் மோட்டார் ஸ்டாண்டு ஒன்று பழையதாக வாங்கி வைத்திருந்தேன். கேமரா இருந்தது. தொலைநோக்கிக் குழாய்தான் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் பூர்ணிமா, தை மாதம் என் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொன்னாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. எனக்கு அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

யோசனை கேட்க ஷஹ்பாஸிடம் போனேன். கல்யாண வீடியோ எடுப்பது அவருக்குத் தொழில், நெபுலா எடுப்பது வியாதி. தன்னுடைய தொலைநோக்கியை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு முழம்கூட இல்லை. வாய் மூன்று அங்குலம்.

"இதே மாதிரி வாங்குங்க சார். கூடவே இந்த ஃபில்டரும்."

ஃபில்டர் என்பது பிஸ்கட் அளவு கண்ணாடி. நெபுலாவின் சிவப்பையும் நீலப்பச்சையையும் மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும்.

"இந்த ரெண்டும் சேர்ந்த விலைக்கு எட்டு அங்குலமே வருதே?"

"வரும் சார், ஃபில்டர் இல்லாம. நெபுலாவோட சேத்து மெடிக்கல் காலேஜ் ரோட்டு லைட்டையும் அள்ளிக்கிட்டு வரும். உங்க ஸ்டாண்டு அஞ்சு கிலோதான் தாங்கும். அது ஒன்பது கிலோ. காத்தடிச்சா ஆடும்."

"ஆடாம நான் பாத்துக்குவேன். எத்தனை வருஷம் ஸ்டாண்டு போட்டவன்?"

"நீங்க நிலத்தை அளந்தீங்க சார். நிலம் நகராது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், கல்யாணம் நடக்கப்போகும் திருக்கடையூர் மண்டபம் நினைவுக்கு வந்தது. வந்த சீரையெல்லாம் தட்டுத் தட்டாகப் பரப்பி வைப்பார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டே பந்திக்குப் போவார்கள். அந்த வரிசையில் சிங்கப்பூர் மகள் கொண்டுவந்த சீர் ஒரு ஃப்ளாஸ்க் அளவில் உட்கார்ந்திருந்தால் என் மச்சான், என் மனைவி மாலதியின் அண்ணன் ராஜராஜன், என்ன சொல்வார்? "காப்பி சூடா நிக்குமா மாப்ள?" அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, எட்டு அங்குலமே வாங்கிவரும்படி பூர்ணிமாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மண்டபத்தில் அது தவிலுக்குத் தம்பி போல நின்றது. மூன்றடி உயரம். பழத்தட்டு, பட்டுத்தட்டு எதையும் யாரும் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன மாப்ள, பீரங்கியா?" என்றார் ராஜராஜன். "நீங்க அளந்து கொடுத்தவனெல்லாம் தேடி வந்தா சுடுறதுக்கா?"

பூரித்துப்போய் நானும் சிரித்தேன். யாரோ உள்ளே பார்க்க மூடியைக் கழற்றினார்கள். மாலதியின் சித்தி குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு ஆசீர்வாதம். எங்கள் தலையில் அட்சதை போட்ட ஒவ்வொருவரும், கையில் மீந்ததைத் திறந்த வாயோடு நின்ற குழாய்க்கும் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் அடியில் இருப்பது கண்ணாடி என்று அந்த மண்டபத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள், கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், இருட்டியதும் மாடியில் மாட்டினேன். ஸ்டாண்டு முனகியது. லேசான காற்றுதான். முதல் படத்தில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் மண்புழுவாக நெளிந்தது. வானம் கலங்கிய டீ நிறம். நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் டீ கொஞ்சம் திக்காக இருந்தது. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் அதே டீ.

பூர்ணிமா செல்போன் வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள அரிசி கிடக்கு."

அரிசி மட்டுமா? நெய்யில் பிசைந்த மஞ்சள், கண்ணாடி முழுக்கப் படர்ந்திருந்தது.

"ரெண்டு வாரத்துக்குள்ள கொடுத்தா கடையில மாத்திக் கொடுப்பாங்க. மஞ்ச பூசினத யாரு வாங்குவா? ஷஹ்பாஸ் அண்ணன் சின்னதுதானே சொன்னாரு? ஏன்ப்பா மாத்தினீங்க?"

எட்டு அங்குலம் எவ்வளவு ஒளி சேகரிக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் நின்றாள். பொய்க்கு நடுவில் யாரும் குறுக்கே பேசாவிட்டால் அதை முடிப்பது கஷ்டம்.

"தட்டுல வச்சா சின்னதாத் தெரியும்னு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாலதி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"இது கண்ணால பாக்கத்தான் லாயக்கு," என்றாள் பூர்ணிமா. "யாராவது வாங்கிக்கிட்டா சின்னது வாங்கலாம். மாமாவக் கேப்போம். ஆனா நீங்கதான் பேசணும்."

ஷஹ்பாஸ் கண்ணாடியைக் கழுவித் தந்தார். மஞ்சள் தடம் முழுக்கப் போகவில்லை. மறுநாள் காரில் நீடாமங்கலம் போனோம். ராஜராஜன் குழாயை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்ல சாமான்தானே மாப்ள, ஏன் தள்ளிவிடப் பாக்குறீங்க? என்ன கோளாறு?"

இதைவிடப் பெரியது வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. பூர்ணிமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள மஞ்சக்கறை இருக்கு மச்சான், அட்சதையால வந்தது. மத்தபடி கோளாறு என்கிட்டதான். படம் எடுக்கச் சின்னது போதும். அதப் பாத்து நீங்க சிரிப்பீங்கன்னு பெருச வாங்கினேன்."

அவர் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் எங்க சிரிச்சேன்? அன்னைக்கு எனக்குப் பந்தியில சாப்பாடே எறங்கல. எங்க வீட்டு விசேஷத்துல இப்படி ஒண்ணு நிக்கலையேன்னு." குழாயைத் தட்டிப் பார்த்தார். "வாசல்ல வச்சா தெரியுமா?"

"நிலா பிரமாதமாத் தெரியும். சனி வளையம்கூட."

"அதக் கேக்கல மாப்ள. ரோட்டுல போறவனுக்கு இது தெரியுமான்னு கேக்குறேன்."

தெரியும் என்றேன். அத்தோடு வியாபாரம் முடிந்தது.

சின்னது மாசி மாதம் வந்தது. பூர்ணிமாவோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் கைப்பையில் வைத்து, ஃபில்டரையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரத்துப் படங்களை ஒன்றாகச் சேர்த்ததும், சிறகு விரித்த மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு மேகம் திரையில் எழுந்தது. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

மாலதி குனிந்து பார்த்தாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அண்ணன்கிட்ட மட்டும் காட்டிடாதீங்க. அப்புறம் இதையும் கேப்பாரு."